நீலகிரியில் வயதானவர்களுக்கு ஏற்ற, செலவு கைக்கு அடங்கிய வீடு: எங்கிருந்து தொடங்குவது?

வீடு கட்டப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்பதுதான். கோயம்புத்தூரில் அது சரியான கேள்வி. குன்னூரிலோ கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பிக்கப் வண்டி நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி என்பது. சிமெண்ட், கம்பி, எம்.சாண்ட், செங்கல் என்று பெரும்பாலான சரக்கு மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி வருகிறது. லாரி வாடகையோடு விஷயம் முடிவதில்லை, ரோட்டோரம் கொட்டியதைத் தலைச்சுமையாக மேலேயோ கீழேயோ கொண்டுபோகத் தனிக் கூலி, படி கூடக்கூடக் கூலியும் கூடும். அதே படிகளில்தான் நாளைக்கு முட்டி வலியோடு ஓர் அம்மா ரேஷன் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறார். மலையில் வீடு மலிவாக முடியுமா, வயதானவர் அதில் நடமாட முடியுமா என்ற இரண்டுக்கும் விடை அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

அதனால் வெளியிலிருந்து உள்ளே வருவோம். முதலில் பாதை, அப்புறம் கழிப்பறை, அப்புறம் இருக்கிற வீடுகளை வைத்து என்ன செய்யலாம், கடைசியில்தான் புதுக் கட்டடம். அதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். காசு குறைவாக இருக்கிறவர்களில் பலருக்குப் புது வீடே தேவைப்படாது.

பாதை

ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ரோட்டிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். ஒவ்வொரு படியின் உயரத்தையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்துப் பாதைகளில் ஒரு படி ஐந்து அங்குலம் இருக்கும், அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது ஓரம் உடைந்து மூன்று. பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான், ஏனென்றால் கால் ஓர் உயரத்துக்குப் பழகி, அடுத்த படியும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்கும். எல்லாப் படியையும் ஆறு அங்குல உயரம், ஓர் அடி அகலம் என்று ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது. பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒரு திட்டு விடுங்கள், அதில் உட்கார ஒரு கல் பலகை போட்டால் இன்னும் நல்லது. ஏறுகிறவர் மூச்சு வாங்க நிற்பதும் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதும் அங்கேதான் நடக்கும்.

எல்லோரும் உடனே "சாய்தளம் போட்டுவிடலாமே" என்பார்கள். சக்கர நாற்காலிக்குச் சரியான சாய்தளம் என்றால் ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வீடு ரோட்டுக்கு இருபது அடி கீழே இருந்தால் 240 அடிப் பாதை, நடுவில் திட்டுகள் தனி. அந்த இடம் யாரிடமும் கிடையாது. ஆகவே முழுப் பாதைக்கும் படி, வாசலில் இருக்கிற கடைசி இரண்டு படிக்கு மட்டும் சாய்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் செங்குத்தாகக் கான்கிரீட்டை ஊற்றிவிட்டு அதைச் சாய்தளம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஜூலையில் பாசி பிடித்ததும் இளவட்டங்களே அதில் வழுக்கி விழுவார்கள்.

பாசிக்கு மருந்து இரண்டு. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்துவிடுவது ஒன்று, மழைக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது இன்னொன்று. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் வேலை செய்யும், ஏறும்போது அந்தக் கை ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், தரையிலிருந்து மூன்றடிக்குள், கடைசிப் படியைத் தாண்டி இன்னும் ஓர் அடி நீண்டிருக்க வேண்டும். ஊட்டிப் பக்கம் ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் அந்தப் பைப்பைத் தொட முடியாது, கை விறைத்துவிடும். பழைய ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கீறி அதன் மேல் மாட்டிவிட்டால் போதும்.

அப்புறம் 108 சோதனை. ஆம்புலன்ஸ் ரோட்டில்தான் நிற்கும், ஸ்ட்ரெச்சர்தான் வீட்டுக்கு வரும். பாதை நாலடி அகலம் இருக்கிறதா, திருப்பங்களில் ஒரு கட்டிலைச் சாய்க்காமல் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். நிஜமாகவே ஒரு கயிற்றுக் கட்டிலை எடுத்து இரண்டு பேர் நடந்து பார்க்கலாம், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறவரும் இதே வழியில்தான் வர வேண்டும். விளக்கும் அவசியம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமையோ கரடியோ எப்போது ஏறி வரும் என்று சொல்ல முடியாத ஊர்கள் இவை.

பாதைக்கு உங்கள் கைக்காசைப் போட வேண்டியதில்லை. பொதுப் பாதையாக இருந்தால் அது ஊராட்சியின் வேலை, பேரூராட்சி என்றால் அவர்களின் வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே "படி சரியில்லை" என்று பேசிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. நீளம், படிகளின் எண்ணிக்கை, அந்தப் பாதையைப் பயன்படுத்தும் வீடுகள், அதில் அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் எழுதி, போட்டோவோடு கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி நிதிக்குப் போகும்போதும் அதே தாள் உதவும்.

கழிப்பறை

குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பார்த்தது இது. வீடு சின்னதுதான், உள்ளே சுத்தமாக வைத்திருந்தார்கள். கழிப்பறை வெளியே, பின்பக்கம் மூன்று படி கீழே. அந்தப் பாட்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை, ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று. மகன் அடுத்த வருஷம் மாடி எடுப்பதற்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி போதும், வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையை ஒதுக்கிக் கழிப்பறை வைத்துவிடலாம்.

உள்ளே வைக்கும்போது அளவுகள் இவை. கதவு மூன்றடி அகலம். அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேலேயே விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். உட்காரும் உயரம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே இந்தியன் டாய்லெட் இருந்து உடைக்கப் பணம் இல்லையென்றால், அதன் மேல் வைக்கிற கமோடு சேர் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதுவே போதும். சக்கர நாற்காலி திரும்ப வேண்டுமானால் ஐந்தடிக்கு ஐந்தடி காலி இடம் வேண்டும், இல்லையென்றால் கைப்பிடியாவது கட்டாயம்.

கைப்பிடி மாட்டுவதில்தான் இங்கே ஒரு சிக்கல். பழைய ஹட்டி (படகர் ஊர்) வீடுகளும் லைன் வீடுகளும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள். "ஸ்க்ரூ நிக்காதுங்க சார், மண்ணு உதிருது" என்று கொத்தனார் சொன்னால் அவர் சொல்வது சரி, பிளக் போட்டு மாட்டிய கைப்பிடி ஒரு நாள் ஆளின் கனத்தோடு கையில் வந்துவிடும். கைப்பிடியே இல்லாமல் இருப்பதைவிட அது ஆபத்து. அந்த மாதிரிச் சுவரில் மாட்டாதீர்கள். பைப்பைத் தலைகீழ் 'ப' போல வளைத்து இரண்டு காலையும் தரைக் கான்கிரீட்டில் ஓர் அடி ஆழம் புதைத்துவிடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்குங்கள்.

தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டாம். மூடுபனி நாட்களில் அது வியர்த்துவிடும், குளியலறையில் மட்டுமில்லை, ஹாலிலும்தான். சொரசொரப்பான சிமெண்ட் தரையே போதும், விலையும் குறைவு. கதவு நிலையின் அடிக்கட்டை தடுக்காமல் எடுத்துவிடுங்கள். சுடுதண்ணீர் குழாய் குளிக்கிற இடத்திலேயே வரட்டும், விறகடுப்பில் காய்ச்சிய பக்கெட்டைப் பின்கட்டிலிருந்து தூக்கி வருவது எழுபது வயதில் செய்கிற வேலையில்லை.

குளிரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை வீட்டில் ராத்திரி குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு போட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கரிக்குச் செலவழிக்கிற காசைக் கூரைக்கு அடியில் ஒரு பால்ஸ் சீலிங் போடுவதற்குத் திருப்புங்கள். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் அரையடி காற்று நின்றாலே அறை கணிசமாக மாறிவிடும். கிழக்குப் பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல், பெரியவரின் கட்டில் அதற்குப் பக்கத்தில்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளும் மாறிக் குடியேறுவதும்

பெரும்பாலான ஹட்டிகளில் இன்றைக்குப் பாதி வீட்டுப் பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஊர்ப் பண்டிகைக்கு மட்டும் திறக்கிற வீடுகள் ரோட்டோரத்திலேயே பூட்டிக் கிடக்க, மேலே கடைசி வரிசையில் தனியாக இரண்டு கிழவர்கள் படி ஏறிக்கொண்டிருப்பார்கள். வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுவதை ஊர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம், ஊருக்குள்ளேயே மாற்றிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. பெரியவர்கள் கீழ் வீட்டுக்கு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் மேல் வீட்டுக்கு. செலவு என்று பார்த்தால் வெள்ளையடிக்கிற காசும் ஒரு கழிப்பறையும்தான். கேட்க எளிதாக இருக்கிறது, நடைமுறையில் "எங்க அப்பா கட்டின வீட்டை விட்டு நான் ஏன் வரணும்" என்ற பேச்சு வரும், அதனால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் ரோட்டோரத்தில் இருந்து பார்த்தவர் திரும்ப மேலே போகக் கேட்பது அபூர்வம்.

வாடகை என்றால் எழுதிப் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2017-ன் வாடகைச் சட்டம் 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணமாகச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை, பேசி வேறு மாதிரி வைத்துக்கொள்ள இடம் உண்டு என்பதால் வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்பார், மூன்றைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை மட்டும் நம்பி இருக்கிற ஒருவரிடம் எவ்வளவு வாடகை கேட்க முடியும் என்று வீடு விடுகிறவர் யோசிக்கட்டும். வீட்டைப் பூட்டி வைத்தால் கூரை ஒழுகுவதைப் பார்க்கக்கூட ஆள் இல்லை, பராமரித்துக்கொண்டு குடியிருக்கட்டும் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது இரண்டு தரப்புக்கும் லாபம்.

சொந்த வீடு இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. புது வீடு கட்ட லோன் வேண்டும், பட்டா என் பேரில் இருந்தால்தான் கிடைக்கும் என்று மகனோ மகளோ கேட்டு, தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தங்க இடமில்லாமல் நிற்பவர்கள் மலையிலும் உண்டு. எழுதிக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எழுதும்போது "என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்திலேயே இருக்க வேண்டும். 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 தொடக்கத்தில் வேறொரு வழக்கில் பெரியவர்கள் பக்கம் தாராளமாகவே பார்த்தது. கோர்ட்டு எந்தப் பக்கம் பார்க்கும் என்று காத்திருப்பதைவிட, ஆவண எழுத்தரிடம் இரண்டு வரி சேர்க்கச் சொல்வது சுலபம். மனுவை விசாரிப்பது கோட்டாட்சியர். ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

எஸ்டேட்டில் ஓய்வு பெறுகிறவர்களின் கதை வேறு. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்கிறவர்களுக்கு வீடு கொடுக்கச் சொன்னது, வேலை முடிந்ததும் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் வழக்கம். இலங்கையிலிருந்து 1964-ன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறித்தவர்கள் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க லைனில் இருந்துவிட்டு, அறுபது வயதுக்கு வரும்போது ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் நிற்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் ஓய்வுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்கத் தொடங்க வேண்டும். சங்கத்தின் மூலமாகப் பத்து இருபது குடும்பமாகச் சேர்ந்து கொடுத்தால் தாசில்தார் அலுவலகத்தில் கவனிப்பே வேறு.

புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்றால்

நிலத்தைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969-ன் ஜன்மம் (பழைய நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்கள் இன்னும் பட்டா இல்லாமல் கிடக்கின்றன. "செக்ஷன் 17" என்று யாராவது சொன்னால் அதில் புது வீட்டுக்குக் காசு போடாதீர்கள், பட்டா இல்லாத இடத்துக்கு அரசின் வீட்டுத் திட்டமும் வராது. 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமா, யானை வழித்தடத்துக்குள் வருகிறதா என்பதையும் கேளுங்கள். மசினகுடி, சீகூர்ப் பகுதியில் வழித்தட அறிவிப்பை 2020-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.

நிலம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள ஊரில் இருந்தால் அனுமதிக்குக் கூடுதல் துறைகளின் தடையில்லாச் சான்றுகள் தேவைப்படும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கட்டட உயரம் ஏழு மீட்டருக்குள். இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு, பெரியவர்களுக்கு வீடு என்ற கணக்கில் பார்த்தால் எனக்கு அது வரம்தான், லிப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்பு இங்கே வராது. ஜே.சி.பி.யை ஆட்சியரின் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது, பள்ளம் தோண்டுவது ஆள் வைத்துத்தான் என்று செலவுக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சரிவு. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியது. மாவட்ட நிர்வாகம் ஆபத்தானவை என்று 283 இடங்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது, உங்கள் இடம் அதற்குள் அல்லது அதற்கு மேல், கீழ் வருகிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். நீங்களே பார்க்க வேண்டியவையும் உண்டு: சாய்ந்து நிற்கும் மரங்கள், புல்லுக்கு நடுவில் வளைந்து ஓடும் விரிசல், மழைக்குப் பிறகு புதிதாகக் கிளம்பும் ஊற்று, பக்கத்து வீட்டில் திடீரென்று இறுகிப்போன கதவு. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓடைக்கரை இடத்தை வாங்க வேண்டாம். ஓடை தன் இடத்துக்குத் திரும்பி வரும்.

பணம் எங்கிருந்து

இங்கே நிறையப் பேர் முதலிலேயே தடுமாறுகிறார்கள். நீலகிரியில் பார்ப்பதற்குக் கிராமமாக இருக்கிற எத்தனையோ ஊர்கள் பேரூராட்சிக்குள் இருக்கின்றன. கேத்தி, அதிகரட்டி, ஜெகதளா, சோலூர், நடுவட்டம், ஓவேலி எல்லாம் அப்படித்தான். ஊரக வீட்டுத் திட்டம் அங்கே பொருந்தாது. பி.டி.ஓ. அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிராம ஊராட்சி என்றால் கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று 2024-ல் அறிவித்த திட்டம், குடிசையில் இருப்பவர்களுக்கு, பட்டா அவசியம், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி. மத்திய அரசின் கிராமப்புற ஆவாஸ் யோஜனாவில் 1.20 லட்சத்தோடு மாநில அரசும் கூரைக்காகத் தன் பங்கைச் சேர்க்கிறது. தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்கு 2023-ல் வந்த பி.எம். ஜன்மன் திட்டத்தில் தனி வீடு உண்டு. பேரூராட்சி, நகராட்சி என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் போக வேண்டும். சொந்த மனையில் கட்டுவதற்கு மானியம், அல்லது வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீடு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு வீடு கட்ட 4 லட்சம் வரை உதவி உண்டு, நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொத்தனார், சித்தாளாக வேலை செய்துகொண்டே பதிவு செய்யாமல் இருப்பவர்கள் மலையில் ஏராளம்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 37-வது பிரிவில், அரசின் வீட்டு ஒதுக்கீடுகளில் 5 சதவீதம் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சொல்கிறது. இடுப்பு எலும்பு உடைந்து நடக்க முடியாமல் போனவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர் எல்லாம் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு முதலில் அடையாள அட்டை வாங்குங்கள், ஊட்டி அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் கொடுப்பார்கள். வாரியக் குடியிருப்பு என்றால் தரைத்தளம் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள், குலுக்கலுக்குப் பிறகு கேட்டால் மாற்றுவது கடினம்.

எந்தத் திட்டமானாலும் பணம் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். முதல் கட்டத்துக்கு நீங்கள் கையிலிருந்து போட்டாக வேண்டும். வட்டிக்காரரிடம் போகாமல் மகளிர் குழுக் கடனை அதற்கென்று முன்கூட்டியே பேசி வையுங்கள். தலைச்சுமைக் கூலியை எந்த அரசு மதிப்பீடும் முழுசாகக் கணக்கில் எடுப்பதில்லை, நாலைந்து பயனாளிகள் சேர்ந்து ஒரே லோடு இறக்கினால் அந்த இடி கொஞ்சம் குறையும்.

கட்டும்போது

360 சதுர அடியைப் பதினைந்துக்கு இருபத்து நாலு என்று வைத்துக்கொள்வோம். நீளமான பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே, மலையை ஒட்டினாற்போல் வையுங்கள். மூன்றடிக்கு ஓரடி சரிகிற நிலத்தில் பதினைந்தடி உள்ளே போனால் பின்பக்கம் ஐந்தடி மண் வெட்டு, திருப்பிப் போட்டால் எட்டடி. அந்த மூன்றடி வித்தியாசம் மண் அள்ளும் கூலி, தடுப்புச் சுவரின் உயரம், பின்னால் வரும் ஆபத்து எல்லாவற்றிலும் இருக்கும். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவி அதன் மேல் வீட்டை நிறுத்தாதீர்கள், இரண்டு மழையில் அமர்ந்துவிடும். அந்த மண்ணில் பீன்ஸோ கீரையோ போடுங்கள்.

வீட்டுப் பின்சுவர் வெட்டிய மண்ணைத் தொடக் கூடாது. நடுவில் மூன்றடி இடைவெளியும் ஒரு கால்வாயும் விடுங்கள். இடம் வீணாகிறது என்று சுவரை மண்ணோடு ஒட்டிக் கட்டுகிறார்கள், வருஷம் முழுக்க அந்த அறை ஓதம் காத்து, பெரியவருக்கு இருமல் நிற்காது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஐந்தடிக்கு ஒரு குழாய்த் துளை, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பல். கூரைத் தண்ணீரைச் சரிவில் விழ விடாமல் பைப் வழியாக ஓடை வரை கொண்டுபோங்கள், கீழ் வீட்டுக்காரரின் சுவர் உங்கள் தண்ணீரில் விழுந்தால் பிறகு உறவும் விழும். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழியும் வீட்டுக்கு மேல்பக்கம் வேண்டாம்.

வீட்டுக்குள் படியே கூடாது. ஹால், சமையலறை, கழிப்பறை எல்லாம் ஒரே மட்டம். இன்றைக்கு வீட்டில் வயதானவர் யாரும் இல்லை என்றாலும் கதவுகளை மூன்றடிக்கே வையுங்கள், இப்போது செலவு ஒன்றும் பெரிதாக ஏறாது, பிறகு சுவரை உடைத்து அகலப்படுத்துவதுதான் செலவு. சுவிட்ச் போர்டு தரையிலிருந்து மூன்றரை அடியில், உட்கார்ந்தபடியே கை எட்டுகிற மாதிரி.

வேலையை ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் கூரை போட்டுவிடுங்கள். கூடலூர், பந்தலூரில் ஜூனிலேயே மழை பிடித்துக்கொள்ளும், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல்தான் பெரிய மழை. உறைபனி விழுகிற ராத்திரிகளில் புதுக் கான்கிரீட்டை வைக்கோலோ சாக்கோ போட்டு மூடுங்கள், குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும், சென்ட்ரிங்கைச் சமவெளிக் கணக்குப்படி பிரிக்க அவசரப்பட வேண்டாம்.

மேஸ்திரிக்குக் கடைசித் தவணையை முதல் பெரிய மழை முடிகிற வரைக்கும் தருவதில்லை என்று வேலை தொடங்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மழை நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, தடுப்புச் சுவரின் துளைகளில் தண்ணீர் வருகிறதா, வருவது தெளிந்த தண்ணீரா மண் கலந்ததா, பின்கால்வாய் நிரம்பி வழிகிறதா, வாசல் சாய்தளத்தில் கால் பிடிக்கிறதா என்று பாருங்கள். துளைகள் காய்ந்திருந்து சுவர் மட்டும் ஈரமாகத் தெரிந்தால் பின்னால் ஜல்லி போடவில்லை என்று அர்த்தம். மேஸ்திரியைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.